விரலும் கோணமும்

ஜெயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் ராஜேந்திரப்பட்டினம் என்றொரு ஊர் இருக்கிறது. தேவாரத்தில் அதன் பெயர் எருக்கத்தம்புலியூர். ஞானசம்பந்தரோடு தலம் தலமாகச் சென்று, அவர் பாடிய பதிகங்களை யாழில் இட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர் அது. அவர் மனைவி மதங்கசூளாமணியும் உடன் சென்று பாடியவர். அதே சாலையில் இன்று திருவிழாக் காலங்களில் மெல்லிசைக் குழுக்களின் வேன்கள் ஓடுகின்றன. கீபோர்டு, பேட், தபலா ஆகியவற்றோடு சில வேன்களில் பாஸ் கிட்டாரும் இருக்கும். அந்த வாத்தியத்தைக் கற்கும் இளைஞர்களிடையே ஒரு வாதம் ஓயாமல் நடக்கிறது. நான்கு தடித்த தந்திகளையும் வெறும் விரலால் மீட்ட வேண்டுமா, பிக் பிடித்து மீட்ட வேண்டுமா? விரல் கட்சிக்காரர்கள், தோல் தந்தியைத் தொட்டால்தான் நாதம் உருண்டு வரும் என்பார்கள். பிக்கை அவர்கள் ஒரு குறுக்குவழியாகவே பார்க்கிறார்கள். பிக் கட்சிக்காரர்கள், கூட்டத்துக்கு நடுவே ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழ வேண்டாமா என்று கேட்பார்கள். கிட்டாரோடு சேர்ந்து மேற்கிலிருந்து வந்து இறங்கிய வாதம் இது என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் ஒற்றுமை உண்டு. அந்த எண்ணம் சரியன்று. இந்த வழக்கு இந்த மண்ணில் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை உடையது. அதன் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், விரலையும் கருவியையும் தேர்ந்தெடுத்தது கலைஞனின் உயர்வு தாழ்வு அன்று என்பது தெரியும். தந்தி எதனால் ஆனது, கேட்கிறவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார், பாட்டுக்குள் அந்த வாத்தியத்துக்கு என்ன வேலை என்ற மூன்றுமே அதைத் தீர்மானித்து வந்திருக்கின்றன.

மிகப் பழைய சான்று பரதரின் நாட்டியசாஸ்திரத்தில் இருக்கிறது. அந்நூல் இரண்டு வீணைகளைப் பெயர் சொல்லிப் பிரிக்கிறது. சித்ரா என்பது ஏழு தந்தி உடையது; விபஞ்சி என்பது ஒன்பது தந்தி உடையது. இவற்றில் விபஞ்சியைக் கோணத்தால் வாசிக்க வேண்டும், சித்ராவை விரல்களால் வாசிக்க வேண்டும் என்கிறது நூல். கோணம் என்றால் தந்தியைத் தட்டும் சிறு குச்சி. இன்றைய பிக்கின் மூதாதை. அமரகோசமும் அந்தச் சொல்லுக்கு வீணை முதலியவற்றை வாசிக்கும் கருவி என்றே பொருள் சொல்கிறது. பரதர் இரண்டு முறைகளையும் அடுத்தடுத்து வைத்தார். ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தவில்லை. வாத்தியம் மாறினால் மீட்டும் முறை மாறும் என்பது அவருக்கு இயல்பான செய்தியாக இருந்திருக்கிறது. தந்திகளின் எண்ணிக்கையும் மீட்டும் பொருளும் ஒரே இடத்தில் சேர்த்துச் சொல்லப்படுவதைக் கவனிக்க வேண்டும். மீட்டும் முறை வாத்தியத்தின் அமைப்பைச் சேர்ந்தது. வாசிக்கிறவரின் குணத்தைச் சேர்ந்ததன்று என்ற பார்வை அந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது.

தமிழ்ப் பக்கம் திரும்பினால் விரலின் ஆட்சி ஓங்கியிருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழை வாங்கி வாசிக்கும் இடத்தில், அவள் விரல்கள் பல நரம்புகளின் மேல் படர்வதை இளங்கோ காட்டுகிறார். அங்கே கோணத்துக்கு இடமே இல்லை. அதையொட்டி எட்டு இசைக்கரணங்களின் பெயர்களும் வருகின்றன. வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல் என்று அந்த வரிசை நீள்கிறது. இவை ஒவ்வொன்றும் ஒரு தனித்த கைத்தொழில் என்பது உரையைப் படித்தால் விளங்கும். சுட்டுவிரலால் மட்டும் செய்வது வார்தல். சுட்டுவிரலையும் பெருவிரலையும் கூட்டி நரம்பை உள்ளும் புறமுமாக ஆராய்வது வடித்தல். அடுத்தடுத்த நரம்பைத் தொடாமல் ஒன்றோ இரண்டோ இடைவிட்டுச் செல்வது உறழ்தல். உருட்டலுக்குள்ளேயே இடக்கைச் சுட்டுவிரல் தனியே உருட்டுவது, வலக்கைச் சுட்டுவிரல் தனியே உருட்டுவது, சுட்டுவிரலோடு பெருவிரலைச் சேர்த்து உருட்டுவது, இரு பெருவிரல்களும் இயைந்து உருட்டுவது என்று உரை நுணுக்கமாகப் பிரிக்கிறது. விரல் நரம்பைத் தொடும் விதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்த சமூகம் இது. எந்த விரல், எந்தக் கை, தனியாகவா சேர்ந்தா என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க அதற்குச் சொற்கள் இருந்தன. இன்று பாஸ் கிட்டார் கற்றுக்கொடுக்கும் பலரிடம் விரல், பிக் என்ற இரண்டு சொற்கள்தாம் இருக்கின்றன.

யாழுக்கு விரல் ஏன் பொருந்தியது என்பதற்கும் காரணம் உண்டு. நரம்பு என்ற சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. முறுக்கிய நரம்பு மென்மையானது. கடினமான முனை அதை அறுக்கும், விரலின் சதை அறுக்காது. யாழில் ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு. செங்கோட்டியாழுக்கு ஏழு நரம்பு, பேரியாழுக்கு 21 நரம்பு என்று உரைகள் கணக்குச் சொல்கின்றன. இத்தனை நரம்புகளுக்கு இடையே தாவ ஒரு குச்சி போதாது. இரு கைகளின் பல விரல்கள் வேண்டும். பாணர் பாடிய இடமோ புரவலரின் அவை, இல்லத்து முற்றம், கோயிலின் சந்நிதி. பாடுகிறவரும் கேட்கிறவரும் கூப்பிடு தூரத்துக்குள் இருந்தார்கள். யாழின் வேலை பாட்டைத் தழுவிச் செல்வது. தந்தியின் பொருள், இடத்தின் அளவு, வாத்தியத்தின் வேலை ஆகிய மூன்றும் விரலையே சுட்டின. யாழ்ப்பாணர் வரலாற்றில் வரும் யாழ்முரி நிகழ்ச்சி இந்த அமைப்பின் எல்லையைக் காட்டுகிறது. தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமல் போக, யாழ்ப்பாணர் யாழை முறிக்க ஓங்கினார், சம்பந்தர் தடுத்தார் என்கிறது பெரியபுராணம். பக்தர்களுக்கு அது இறையருளின் கதை. இசை வரலாறு படிக்கிறவருக்கு அது, சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே வளைந்து ஓடும் குரலைத் திறந்த நரம்பு எட்ட முடியாத இடத்தின் கதையும் ஆகிறது.

இங்கே ஒரு தடை எழும். புராணமும் காப்பியமும் சொல்வதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கல்லில் சான்று தேடி ஜெயங்கொண்டத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனால், அங்கே வேறொரு வியப்பு காத்திருக்கிறது. முதலாம் ராஜேந்திரன் எடுத்த அந்தக் கோயிலின் வடக்கு வாயிலருகே புகழ்பெற்ற சரஸ்வதி சிற்பம் இருக்கிறது. பத்மாசனத்தில் அமர்ந்த அந்தத் தேவியின் நான்கு கைகளில் ஒன்றிலும் வீணை இல்லை; அக்கமாலை, கலசம், சுவடி, ஞான முத்திரை ஆகியவைதாம் உண்டு. வீணையில்லாத கலைமகளை வைத்து வீணையின் வரலாற்றை எழுத முடியாது. சிற்பியின் நோக்கம் தெய்வத்தின் தத்துவம்; கச்சேரியின் நடைமுறை அன்று. எனவே கல்லைவிடச் சொல்லே இங்கு நம்பத்தக்க சான்று. கானல்வரியின் எட்டுக் கரணங்களைப் பக்திக்காகவோ புகழ்ச்சிக்காகவோ யாரும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. அவை தொழில் செய்வோரின் கலைச்சொற்கள். யாழ் நடைமுறையிலிருந்து மறைந்த பின்னும் அந்தச் சொற்கள் உரைகளில் தங்கின. ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் அவற்றை ஆராய்ந்தே தம் யாழ்நூலை எழுதினார். 1947இல் அது திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. எருக்கத்தம்புலியூரின் பெயரும் இந்தத் தொடர்ச்சியில் மீண்டும் வருகிறது. தேவாரப் பதிகங்கள் தேடி எடுக்கப்பட்டபோது அவற்றுக்குப் பண் வகுத்தவர் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. பண்ணின் நினைவு ஒரு பாணர் குடியிடம் தங்கியிருந்தது என்ற நம்பிக்கையாவது அதில் உறுதியாகத் தெரிகிறது.

யாழுக்குப் பின் வந்த வீணையில் விரலின் ஆட்சி முதன்முதலாக அசைகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தோடு இணைத்துப் பேசப்படும் தஞ்சாவூர் வீணையில், மெழுகில் பதித்த 24 மெட்டுகள்; வாசிக்க நான்கு தந்தி, தாளத்துக்கு மூன்று தந்தி. தந்திகள் உலோகம். இடக்கை தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் தருகிறது. யாழ்முரியில் எட்டாமல் போன அந்த வளைவு இப்போது ஒரே தந்தியில் கிடைக்கிறது. கமகத்தை இடக்கை எடுத்துக்கொண்டதும் வலக்கையின் வேலை சுருங்கியது. சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டும். சுண்டுவிரல் பக்கத் தந்தியில் தாளம் போடும். ஆனால் எஃகுத் தந்தி சதையில் பட்டால் ஒலி மங்கும், நகத்தில் பட்டால் துலங்கும். அதனால் நகம் வளர்த்தார்கள். நகம் தேய்கிறவர்களும் உடைகிறவர்களும் விரல் நுனியில் கம்பிக் கூடு ஒன்றை மாட்டிக்கொண்டார்கள். தமிழ்நாட்டு வீணைக் கலைஞர்களுள் நகத்தால் வாசிப்பவர், கம்பிக் கூடு போட்டு வாசிப்பவர், வெறும் விரல் நுனியால் வாசிப்பவர் ஆகிய மூவகையினரையும் காணலாம். நகம் என்பது உடம்பில் முளைத்த கோணம். அதை ஏற்றுக்கொண்டு கையில் பிடித்த கோணத்தை மட்டும் அந்நியம் என்று தள்ளுவது எந்த அளவுகோலிலும் பொருந்தாது. வீணை தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, ஒரு கூடத்தில் அமர்ந்த சிலர் மூச்சடக்கிக் கேட்டார்கள். அந்த வாசிப்பின் மென்மைக்கு அந்தக் கூடத்தின் அளவும் ஒரு காரணம். சபாக்களில் நூற்றுக்கணக்கானவர் முன் அதே வீணை வந்தபோது ஒலிவாங்கி வேண்டியதாயிற்று.

பாஸ் கிட்டாரின் பிறப்பும் இதே கதையை வேகமாகச் சொல்கிறது. ஆளுயர டபுள் பேஸ் வாத்தியத்தை வில்லாலும் விரலாலும் வாசித்துவந்தார்கள். நடன அரங்குகளின் இரைச்சலில் அதன் ஒலி அமுங்கியது. அமெரிக்காவின் சியாட்டிலில் பால் டட்மார்க் 1936 அளவில் ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் மின்சார பாஸ் ஒன்றைச் செய்தார். 1951இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பாஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதுதான் அந்த வாத்தியம் பரவியது. அதன் தந்திகளுக்குக் கீழே ஒரு சிறு பிடிக்கட்டை பொருத்தப்பட்டிருந்தது. நான்கு விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டு பெருவிரலால் மீட்டுவதற்காக வைத்த கட்டை அது. எது அசல் முறை என்று வாதாடுகிற இரு கட்சியும் இதைக் கவனிக்க வேண்டும். செய்தவர் மனத்தில் இருந்தது சுட்டுவிரலும் இல்லை, பிக்கும் இல்லை, பெருவிரல்தான். வாசிக்கிறவர்கள் அந்தக் கட்டையை நாளடைவில் பொருட்படுத்தவில்லை. 1970களில் அது மறுபக்கம் இடம் மாறியது. டெட்ராய்ட்டின் மோடவுன் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றை மட்டும் வைத்து வாசித்தார். டபுள் பேஸிலிருந்து வந்தவர் அவர். லாஸ் ஏஞ்சல்ஸில் கேரல் கே கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1963இல் ஒரு பதிவுக்கு பாஸ் வாசிப்பவர் வராமல் போனதால் அந்த வாத்தியத்தை எடுத்தார். கிட்டார்க்காரரின் கை பிக்கை விடவில்லை. இருவரும் அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த பாஸ் கலைஞர்களாக மதிக்கப்படுகிறார்கள். அவரவர் எந்த வாத்தியத்திலிருந்து வந்தார் என்பதே விரலையும் பிக்கையும் பங்கிட்டுக் கொடுத்தது.

ஒலியின் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பாஸ் கிட்டாரின் வழக்கமான தந்தி நீளம் 34 அங்குலம். மிகத் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் வினாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள் எழும். அதே தந்தியில் அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என்று மேல் அதிர்வுகளும் கூடவே பிறக்கின்றன. விரலின் சதை அகலமானது, மெத்தென்றது. அது தந்தியின் ஓர் அகலத்தைத் தொட்டு மெல்ல விடுவிக்கும்போது நுண்ணிய மேல் அதிர்வுகள் அடங்கி, அடி அதிர்வு உருண்டு நிற்கும். பிக்கின் முனை ஒடுங்கியது, விறைப்பானது. அது தந்தியை ஒரு புள்ளியில் சட்டென்று விடுவிக்கும்போது மேல் அதிர்வுகள் துள்ளி எழும். சுரத்தின் தொடக்கம் கூராகக் கேட்கும். இந்த வேறுபாடு திருவிழா மைதானத்தில் பெரிய விஷயமாகிறது. மரத்திலும் கம்பத்திலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகள் 41 அதிர்வைத் தர வல்லவை அல்ல. மேல் அதிர்வுகளையே வெளியிடும். அந்த மேல் அதிர்வுகளைக் கொண்டு அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும் திறன் மனிதக் காதுக்கு உண்டு. அத்தகைய ஒலிபெருக்கிகளுக்கு முன் விரலால் மட்டும் மென்மையாக வாசித்தவரின் பாஸ் மேடையோடு நின்றுவிடும். பிக்கால் வாசித்தவரின் சுரங்கள் கடைசி வரிசைக்கும் எட்டும். பெரிய பெட்டி ஒலிபெருக்கிகள் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. அங்கே விரலின் உருட்சி வயிற்றில் அதிரும்; பிக்கின் கூர்மை சில நேரம் பாடகரின் சொல்லோடு மோதும். மைதானம் மாறாமல் ஒலிபெருக்கி மட்டும் மாறினாலும் தீர்ப்பு மாறிவிடுகிறது.

தமிழ்த் திரையிசைக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1976இல் அன்னக்கிளி வழியே வந்த இளையராஜா கிட்டார் வாசித்துப் பழகியவர். பாஸ் வரிகளையும் மற்ற வாத்தியங்களைப் போலவே தாளில் எழுதிக் கொடுத்தவர். அவர் குழுவில் சசிதரன் வாசித்த பாஸ், தாளத்துக்கு அடிநிலையாக நின்றதோடு மெட்டுக்கு எதிர்மெட்டாகவும் நடந்தது. பின்னர் ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பாஸ் தமிழ்க் காதுகளுக்கு வேறொரு நிறத்தைப் பழக்கியது. இந்தப் பாடல்களைத்தான் சிற்றூர் மெல்லிசைக் குழுக்கள் மேடையேற்றுகின்றன. பாடல் மாறும்தோறும் பாஸின் வேலையும் மாறுகிறது. ஒரு பாட்டில் அது பாடகியின் வரிக்குக் கீழே தனி வரி பாடுகிறது. அடுத்த பாட்டில் டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டு துடிப்பு மட்டும் தருகிறது. ஒரே மாலைக்குள் இரண்டு வேலை. ஒரே கைமுறையை வைத்துக்கொண்டு இரண்டையும் செய்ய முயன்றால் ஒன்றில் குறை விழத்தான் செய்யும். பல குழுக்களில் கீபோர்டு வாசிப்பவரின் இடக்கையே பாஸ் வேலையையும் பார்த்துக்கொள்கிறது. தந்தியின் இடத்தைச் சாவிக்கட்டை எடுத்துக்கொண்டால், விரலா பிக்கா என்ற கேள்விக்கே இடமிருக்காது. விரலும் பிக்கும் தரும் நிறபேதங்கள் தந்திக்கே உரியவை. பாஸ் கிட்டாருக்காகப் பேச விரும்புகிறவர்கள் அவற்றைத்தான் காப்பாற்ற வேண்டும்.

இரண்டு தடைகளுக்கு விடை சொல்ல வேண்டும். கருவியால் மீட்டினால் நம் இசையின் குழைவு வராது என்பது முதலாவது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸின் வாழ்க்கையே இதற்கு விடை. எட்டுத் தந்தி மாண்டலினை ஐந்து தந்தி மின்சார மாண்டலினாக மாற்றிக்கொண்டு, சிறுவனாக 1981இல் சென்னை மேடையேறிய அவர், கையில் பிக் பிடித்தே கர்நாடக இசையின் கமகங்களை வாசித்தார். 2014இல் 45ஆம் வயதில் அவர் மறைந்தபோது, கமகம் பிக்கில் வராது என்று சொல்ல யாரும் மிச்சமில்லை. குழைவு இடக்கையில் பிறக்கிறது; வலக்கை அதைத் தொடங்கி வைக்கிறது. இரண்டாவது தடை, யாழையும் பாஸ் கிட்டாரையும் ஒரே கயிற்றில் கட்டுவது வலிந்த ஒப்பீடு என்பது. யாழிலிருந்து பாஸ் கிட்டார் பிறந்தது என்று இங்கே சொல்லவில்லை. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு இடங்களில், இரண்டு காலங்களில், அதே மூன்று காரணங்கள் அதே விளைவைத் தந்திருக்கின்றன என்பதே வாதம். தொடர்பு இல்லை என்பதே இந்தச் சான்றுக்கு வலு சேர்க்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்திருந்தால் அது வெறும் வழக்கமாக இருந்திருக்கும். பார்க்காமலே செய்திருப்பதால் அது தந்தியின் இயல்பு என்று கொள்ளலாம்.

ஆகவே ஜெயங்கொண்டத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பாஸ் கிட்டார் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரை முதல் நாளிலேயே ஒரு கட்சியில் சேர்த்துவிடாதீர்கள். சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி நடப்பதையும், பெருவிரலும் சுட்டுவிரலும் கூடிப் பிக்கைப் பிடிப்பதையும் ஒரே பாடத்தின் இரண்டு பகுதிகளாக வையுங்கள். எந்த மேடை, எந்த ஒலிபெருக்கி, எந்தப் பாட்டு என்று கேட்டுத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு மீட்டலுக்கும் பெயர் வைத்துப் பழக்குங்கள். வார்தலும் வடித்தலும் உறழ்தலும் நம்மிடம் பெயர்களாகவே இருக்கின்றன. பரதரின் நாட்டியசாஸ்திரம் பாட்டுக்குழுவின் அமைப்பைச் சொல்லும்போது பாடகரோடு குழல் வாசிப்பவரையும், வீணை வாசிப்பவரையும், விபஞ்சி வாசிப்பவரையும் ஒன்றாக உட்கார வைக்கிறது. கோணம் பிடித்த கைக்கு அந்த வரிசையில் அன்றே இடம் இருந்தது.